ஆய்வுக்கூடக் காற்றும் பணியாளர் நலமும்
போபால் நச்சுவாயு விபத்து 1984-இல் நிகழ்ந்தது. அதன் பின்னர், 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பணியிடக் காற்றிலுள்ள நச்சுப்பொருள்களுக்கு உச்சவரம்புகள் சேர்க்கப்பட்டன. ஆயின் உற்பத்தி நடைபெறாத கல்லூரி ஆய்வுக்கூடம் அச்சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. மாணவர் அங்கு வாரத்தில் சில மணி நேரமே இருப்பர்; ஆய்வுக்கூட உதவியாளரோ தம் பணிக்காலம் முழுவதையும் அங்கேயே கழிக்கிறார்.

பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கவல்லது. அதன் மணத்தை மூக்கு உணருமுன்பே காற்றில் அதன் அளவு வரம்பைக் கடந்திருக்கக்கூடும். கூரை மின்விசிறி ஆவியை அறையெங்கும் பரப்புமேயன்றி அகற்றாது. ஆவியை எழுமிடத்திலேயே ஈர்த்து வெளியேற்றும் ‘ஃபியூம் ஹூட்’ என்னும் கூண்டே தேவை. அதன் முகப்பில் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தில் உட்புக வேண்டும். கூண்டு வாங்க நிதி கிடைத்துவிடுகிறது. விசிறியைப் பழுதுபார்க்கத்தான் கிடைப்பதில்லை. இறுதியில் அது புட்டிகள் அடுக்கும் அலமாரியாகிவிடுகிறது.