நாற்பது கணினிக்கும் ஒரே பதில்

கல்லூரிக் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசக நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது கணினிகளுக்கும் ஒவ்வொன்றாக ஓ.எஸ். போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் தானாக நடக்க வைக்க முடியுமா, அதற்கு ஏதாவது மென்பொருள் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். முடியும். எதுவும் வாங்க வேண்டாம். ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடும் நெட்வொர்க் கேபிளும், சர்வராக வைத்துக்கொள்ள ஒரு பழைய கணினியும் போதும்.

கையால் நிறுவும்போது உங்கள் நேரத்தைத் தின்பது எது என்று பாருங்கள். கோப்புகள் வட்டில் ஏறுவது கணினியின் வேலை. இடையிடையே அது கேட்கும் கேள்விகளுக்காகத்தான் நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். எந்த மொழி, எந்த விசைப்பலகை, எந்த நேர மண்டலம், வட்டை எப்படிப் பிரிப்பது, கடவுச்சொல் என்ன, எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும்? நாற்பது கணினிக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் பதில்களை ஒரு கோப்பில் எழுதி, நிறுவும் நிரலிடம் கொடுத்துவிட்டால் அது யாரையும் கேட்காது. ரெட் ஹேட், ஃபெடோரா குடும்பத்தில் இந்தக் கோப்புக்கு கிக்ஸ்டார்ட் என்று பெயர். டெபியனில் பிரீசீட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால். விண்டோஸில் அன்அட்டெண்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு.

இதை வெற்றுத் தாளில் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபெடோராவை ஒரு கணினியில் கையால் நிறுவி முடித்தால், நீங்கள் சொன்ன பதில்களையெல்லாம் அது ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக ரூட் பயனரின் கோப்புறையில் எழுதி வைத்திருக்கும். உபுண்டு சர்வரும் தன் பதிவுக் கோப்புறையில் இப்படி ஒன்றை விட்டுவைக்கிறது. அதைத் திறந்து திருத்தத் தொடங்குங்கள்.

அடுத்து, பென் டிரைவே இல்லாமல் கணினி எப்படி எழும்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இன்டெல் 1999-இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ என்ற வரையறைதான் இதற்கு அடிப்படை. வட்டில் எதுவுமே இல்லாத ஒரு கணினிக்குத் தன் முகவரிகூடத் தெரியாது. அதன் நெட்வொர்க் அட்டையில் மட்டும் ஒரு சின்ன நிரல் பொதிந்திருக்கிறது. அது நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி, தனக்கு ஒரு முகவரி வேண்டும், பூட் ஆக ஒரு கோப்பும் வேண்டும் என்று கேட்கிறது. டிஹெச்சிபி சர்வர் ஐபி முகவரியைக் கொடுத்து, எந்த சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. டிஎஃப்டிபி என்ற மிக எளிய நெறிமுறை வழியாக பூட்லோடர் வந்து சேர்கிறது. அதன் பின்னால் லினக்ஸ் கெர்னலும் நிறுவும் நிரலும் வருகின்றன. கெர்னலுக்குக் கொடுக்கும் ஒரு வரியில் உங்கள் பதில்கோப்பின் முகவரி இருக்கும். அதன் பிறகு மனிதர் தேவையில்லை.

டிஎஃப்டிபி அசலில் 512 பைட் துண்டுகளாகத்தான் அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் ரசீது வந்த பிறகே அடுத்தது கிளம்பும். ஒரு மெகாபைட்டுக்கு 2048 துண்டுகள் என்று கணக்குப் போட்டால், பெரிய கோப்புகளை அதில் அனுப்பக் கூடாது என்பது விளங்கும். துண்டின் அளவைக் கூட்டும் வசதி பின்னால் வந்தது என்றாலும், முதல் சில கோப்புகளோடு அதை நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் ஹெச்டிடிபி வழியாக அனுப்புங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் வைஃபை ரௌட்டர் ஒன்று முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதாக ஒரு டிஹெச்சிபி சர்வரை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச நிரலை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். முகவரி கொடுப்பதை ரௌட்டரிடமே விட்டுவிட்டு, பூட் விவரத்தை மட்டும் இது சொல்லும்.

ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் வட்டை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் போட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியூசிலாந்தில் 1995-இல் பிறந்த கோஸ்ட் மென்பொருள் அதைத்தான் செய்தது. இன்று குளோன்சில்லா இலவசமாகச் செய்கிறது. ஒரே நேரத்தில் பல கணினிகளுக்கு அனுப்பவும் அதனால் முடியும். வேகம் என்று பார்த்தால் நகல் முறையே வெல்லும். ஆனால் நகலோடு அடையாளமும் சேர்ந்து போகும். நாற்பது கணினிக்கும் ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி, ஒரே மெஷின் ஐடி. அந்த ஐடியை வைத்து முகவரி கேட்கும் லினக்ஸ்களில் இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரியில் வந்து நிற்கும். விண்டோஸில் நகலெடுக்கும் முன் சிஸ்பிரெப் ஓட்டச் சொல்வதும் அடையாளத்தைத் துடைப்பதற்காகத்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. ஆறு மாதம் கழித்து அந்த நகலுக்குள் யார் என்ன மாற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பதில்கோப்பு வெறும் எழுத்து. உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் பத்து நிமிடத்தில் படித்துப் புரிந்துகொள்வார். என் ஓட்டு பதில்கோப்புக்கே.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பதில்கோப்பில் வட்டை அழிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. கையால் நிறுவும்போது வரும் "நிச்சயமாக அழிக்கலாமா?" என்ற கேள்வி இங்கே வராது. 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சர்வர் எதுவும் விலக்கில்லை. கண்டுபிடித்து நிறுத்தப் போனபோது, கட்டளையை அனுப்பிய சர்வரின் வட்டே ஃபார்மட் ஆகியிருந்தது. திறமையான ஆட்கள் இருந்த இடத்தில் நடந்தது இது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. பிஎக்ஸ்லினக்ஸ் பூட்லோடர், கணினியின் மேக் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு சர்வரில் இருக்கிறதா என்று தேடும். எதுவும் கிடைக்காவிட்டால்தான் கடைசியில் டிஃபால்ட் என்ற கோப்புக்கு வரும். அந்த டிஃபால்ட்டில் "உன் வட்டிலிருந்தே பூட் ஆகு" என்று மட்டும் எழுதுங்கள். எந்தக் கணினியில் நிறுவ வேண்டுமோ அதற்கு மட்டும் மேக் எண்ணில் தனிக்கோப்பு வையுங்கள். நிறுவி முடிந்ததும் அதை நீக்குங்கள். நீக்காவிட்டால், நெட்வொர்க்கில் முதலில் பூட் ஆகும்படி வைத்த கணினி மறுபடி எழும்போது மீண்டும் நிறுவத் தொடங்கும், முடிவே இருக்காது. முதல் ஒத்திகையின்போது அலுவலகக் கணினிகள் இல்லாத தனி ஸ்விட்ச்சில் வேலை செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மென்பொருள் பட்டியலில் தமிழ் எழுத்துருக்களையும், தமிழ்99 விசைப்பலகை அடங்கிய ஐபஸ் எம்17என் தொகுப்பையும் சேர்த்துவிடுங்கள். ஒரு கோப்பில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். நாற்பது கணினியிலும் உங்கள் மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்யலாம்.

வரும் விடுமுறை வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு கணினியில் இந்த வாரமே தொடங்குங்கள். எந்த வரியில் சிக்கினாலும், கடவுச்சொல்லை நீக்கிவிட்டு, அந்தப் பதில்கோப்பை எனக்கு அனுப்புங்கள்; சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்