இடம்பெயர்ந்தோரின் தேவையறிந்து கொடுப்போம்

ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தாலும் கலகம் மூண்டாலும் நம் மக்கள் வாளாவிருப்பதில்லை. பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்த மாத்திரத்தில் அரிசி மூட்டையும் போர்வையும் பழைய துணியும் வந்து குவிந்துவிடுகின்றன. அல்ஹம்துலில்லாஹ்! இது போற்றத்தக்க குணமே. ஆயினும் முதல் மாதம் கழிந்த பின் என்ன நடக்கிறது? வீடிழந்து வந்தோருக்கு இரண்டாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில் என்ன தேவை என்று கேட்டறிந்தோர் நம்மில் எத்தனை பேர்? கொடுப்பது கடமையாயின், யாருக்கு எது தேவை என்று அறிவதும் அக்கடமையைச் சேர்ந்ததே.

மதீனா தரும் பாடம்

கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிரீன்கள், மக்காவில் வீடும் பொருளும் விட்டு வந்தவர்கள். அவர்களில் செல்வராய் வாழ்ந்தோரும் உண்டு. எனினும் ஹஷ்ர் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் அவர்களை ஏழைகள் என்றே குறிப்பிடுகிறது. கைக்கு எட்டாத சொத்து பசியைத் தீர்க்காதல்லவா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் சகோதரர்களாகப் பிணைத்து வைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று விரைவிலேயே தம் காலில் நின்றார்கள். அதே மதீனாவில், குடும்பமும் கூரையும் இல்லாத திண்ணைத் தோழர்களுக்கு உணவே முதல் தேவையாயிருந்தது. ஒருவருக்குச் சந்தை, மற்றவருக்குச் சோறு. இருவருக்கும் ஒரே அளவு கோதுமையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

புத்தளத்தில் நடந்தது என்ன?

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளை வந்தடைந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பின. பிறகு கிடுகுக் குடிசைகள் எழுந்தன. ஊர் மக்கள் அன்சாரிகளைப் போல் வரவேற்றனர்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள் இருபது ஆண்டு அங்கேயே கழித்தனர். தலையை எண்ணி உலர் உணவு அளந்தார்கள். ஆனால் தலைகளை எண்ணியவர்கள் எழுதாமல் விட்டவை பல. காணி உறுதி யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை? சொந்த வயலில் பயிரிட்டவர் இன்று பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறாரா? ஆயிரக்கணக்கானோர் திடீரென வந்து சேர்ந்ததால் உள்ளூர் மக்களின் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாட்கூலிக்கும் நேர்ந்த நெருக்கடி எவ்வளவு?

2009 மே மாதம் போர் முடிந்தது. மீள்குடியேற்ற உதவியில் 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் முன்னே நிறுத்தப்பட்டனர்; 1990இல் வந்தோர் 'பழையவர்கள்' என்று பின்னே தள்ளப்பட்டனர். ஊர் திரும்பியோர் கண்டது காடு மூடிய காணியையும் கூரையில்லாச் சுவரையும். அன்று ஒரு குடும்பமாய்ப் போனவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகியிருந்தனர். இருந்த காணியோ அன்றைய ஒரு குடும்பத்துக்கானது. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் ஊர் கேள்வியால் மட்டுமே அறிந்த ஊர். சிலர் திரும்பினர்; சிலர் தங்கினர்; சிலர் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு காலை வைத்திருந்தனர். அன்று ஏட்டில் ஏறாத தேவைகளே பின்னாளில் பெருஞ்சுமையாய் வந்து நின்றன.

கேட்டறிய வேண்டியவை

1. விருப்பம்: திரும்புவதா, வந்த ஊரிலேயே வேரூன்றுவதா, வேறிடம் செல்வதா? இதை அவரவரே தீர்மானிக்க வேண்டும். 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட நெறிகளும் இதையே கூறுகின்றன. குடும்பத் தலைவரிடம் கேட்டால் மட்டும் போதாது. விதவைகளிடமும், கணவனைக் காணாது தவிப்போரிடமும் பெண்களைக் கொண்டு தனியே கேட்க வேண்டும்.

2. பத்திரங்கள்: காணி உறுதி, பிறப்புச் சான்று, நிக்காஹ் பதிவு, பள்ளிச் சான்றிதழ். இவை தொலைந்தால் வாரிசுரிமையும் கல்வியும் சேர்ந்து தொலையும். பிரதி எடுத்துக் கொடுக்க முன்வருவதும் ஸதகாவே.

3. தொழில்: முன்பு என்ன செய்தார், இங்கே எது இயலும், அதற்கு என்ன கருவி தேவை?

4. முதியோர், நோயாளர், அநாதைகள்: இவர்களுக்குத் தொழில் கொடுத்து ஒதுங்கிவிட முடியாது, தொடர்ந்த வருமானம் வேண்டும்.

5. இடங்கொடுத்த ஊர்: அன்சாரிகளுக்கும் களைப்பு உண்டு. கிணறு வெட்டினால் இரு சாராருக்கும் பொதுவாக வெட்ட வேண்டும்.

6. மறுவிசாரணை: ஆண்டுதோறும் திரும்பக் கேட்க வேண்டும். முகாமை மூடிய நாளிலோ, ஊர் திரும்பிய நாளிலோ இடப்பெயர்வு முடிந்துவிடுவதில்லை. அதனால் நேர்ந்த தேவைகள் தீர்ந்த பின்பே முடிகிறது என்று 2010இல் வெளியான சர்வதேச வரையறையும் கூறுகிறது.

ஜகாத்தில் இதற்கு வழி உண்டா?

“அவருக்கு வடக்கில் காணி இருக்கிறதே, ஜகாத் வாங்கலாமா?” என்று சிலர் ஐயுறலாம். ஜகாத் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வமிருந்தும், அது கைக்கு எட்டாமல் வழியில் தவிப்பவருக்குக் கொடுக்கலாம் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். கடனாளிகளும் அந்த எட்டு வகையில் அடங்குவர்.

எவ்வளவு கொடுப்பது? நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் இதை அழகாக விளக்கியுள்ளார்கள். தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும். வணிகருக்கு அவர் வணிகத்துக்கேற்ற முதல் வேண்டும். கீரை விற்பவருக்குச் சிறு தொகை போதும். நகை வணிகருக்கு அது போதாது. எத்தொழிலும் இயலாதவருக்கு, வருமானம் தரும் சொத்தொன்று வாங்க வழி செய்யலாம். நெடுநாள் தேவையை அளந்து கொடுக்கும் முறையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் வகுத்துவிட்டனர். நாமோ ரமளானில் நூறு பேருக்குச் சில்லறையாய்ப் பிரித்துக் கொடுத்துத் திருப்தியடைகிறோம்! பத்துத் தையற்காரர்களுக்குத் தையல் இயந்திரமும், பத்து மீனவர்களுக்கு வலையும் கிடைத்தால், மறு ஆண்டு அவர்களுள் சிலரே ஜகாத் கொடுப்போராக மாறலாமல்லவா?

ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் ஏடு தொடங்கப்படட்டும். வசதியுள்ள ஒரு குடும்பம், வீடிழந்த ஒரு குடும்பத்தோடு சகோதர உறவு பூணட்டும். அதை ஒரு ரமளானோடு முடிக்காமல், அவர்கள் காலூன்றும் வரை பேணட்டும். வந்தவர் மாற்று மதத்தவராயின் அண்டை வீட்டார் உரிமையும் ஸதகாவின் வாசலும் அவருக்கும் திறந்தே இருக்கின்றன.

தேவையறிந்து கொடுக்கும் அறிவையும், கொடுத்துச் சலிக்காத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.