பேச்சு நாக்கில் பிறப்பதில்லை

குழந்தை உரிய வயதில் பேசாவிட்டாலும், பேசும் குழந்தை திக்கினாலும், பக்கவாதம் கண்ட பெரியவர் சொல் வராமல் தவித்தாலும், குடும்பத்தாரின் ஐயம் முதலில் சென்று நிற்பது நாக்கின் மீதுதான். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதும், நாக்கு தடித்திருப்பதாகக் கருதுவதும், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசப் பழக்குவதும் இந்த ஒரே எண்ணத்தின் கிளைகள். உண்மையில், ஒலியைக் கேட்கும் காதும், கேட்டதைப் பொருளாக்கித் தக்க சொல்லைத் தேடியெடுக்கும் மூளையும், மறுமொழி சொல்ல எதிரில் ஒரு மனிதரும் இருந்தால்தான் பேச்சு உருவாகும். நாக்கு அதன் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் உறுப்பு மட்டுமே.

வசம்பு பேச்சைத் திறக்கும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருளின் நச்சுத்தன்மை கருதி, உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்க அரசு 1968-இலேயே தடை செய்தது. உரைத்த மருந்தோடு தேனையும் குழைத்துத் தரும் வழக்கம் மேலும் கவலைக்குரியது; ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் நுண்ணுயிரி வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருப்பதால்தான் குழந்தை பேசவில்லை என்னும் முடிவும் இத்தகையதே. அச்சவ்வு தாய்ப்பால் உறிஞ்சுவதற்கு இடையூறாகலாம், சில ஒலிகளின் தெளிவைக் குறைக்கவும் செய்யலாம். ஆனால் சொற்களே வராமல் இருப்பதற்கு அது காரணமன்று. அறுவை செய்துவிட்டுச் சொற்களுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், உண்மையான காரணம் தேடப்படாமலே போகிறது.

அந்தக் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் காது. கதவு அறையும் ஓசைக்கும் தட்டு விழும் ஓசைக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கிறது, ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டார் உறுதியாக நம்புகின்றனர். செவித்திறன் குறைவு என்பது முழுச் செவிடு மட்டுமன்று; உரத்த ஓசையும் தாழ்ந்த சுருதியும் கேட்கும் குழந்தைக்கு, பேச்சிலுள்ள மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்காமல் போகலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பி விளையாடும் என்பதால், குறைபாடு இருப்பது வெளியே தெரிவதில்லை. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றைப் பொருத்தி, உட்செவி திருப்பி அனுப்பும் நுண்ணிய ஒலியைப் பதிவு செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் வலியும் இல்லை. பிறந்த 1 மாதத்திற்குள் இச்சோதனை, 3 மாதத்திற்குள் குறைபாட்டை உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் செவித்துணைக் கருவியும் பயிற்சியும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கால வரையறை. பேசத் தாமதிக்கும் எந்தக் குழந்தைக்கும் முதற்படி காதுச் சோதனையே.

ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும், அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார் என்னும் ஆறுதல் மொழி இழக்கச் செய்யும் காலம் வசம்பால் இழக்கும் காலத்தைவிட அதிகம். ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பின்தங்குவது உண்மைதான். அந்த வேறுபாடு ஆண்டுக்கணக்கில் நீள்வதில்லை. தாமதமாகத் தொடங்கும் குழந்தைகளில் பலர் தாமாகவே ஈடுகட்டிவிடுவதும் உண்மை. ஆனால் ஈடுகட்டப் போவது எந்தக் குழந்தை என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையும், வேண்டியதை விரலால் சுட்டாத குழந்தையும், இரண்டு வயது நிறைந்தும் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என இரு சொற்களைச் சேர்க்காத குழந்தையும் காத்திருக்க வேண்டியவர்கள் அல்லர். மாறாக, மூன்று வயதுக் குழந்தை ராஜாவை ‘லாஜா’ என்பது வளர்ச்சியின் இயல்பு. ர, ற, ழ ஆகியவை பிந்தி அமையும் ஒலிகள்.

பேச்சுப் பயிற்சி என்றதும் நாக்கை நீட்டி மடக்கும் பயிற்சியையே பலரும் எண்ணுகின்றனர். சிறு குழந்தைக்கான பயிற்சி பெரும்பாலும் தரையில் அமர்ந்து நடக்கும் விளையாட்டாகவே இருக்கும். குழந்தை பார்க்கும் பொருளையே தாமும் பார்த்து, அது ‘பஸ்’ என்றால் ‘ஆமா, பெரிய பஸ் போகுது’ என ஒரு படி நீட்டிச் சொல்லி, பிறகு அவசரப்படாமல் அதன் முறைக்குக் காத்திருக்கப் பெற்றோரைப் பழக்குவதே அதன் சாரம். கைப்பேசிப் பாடல்கள் இதற்கு ஈடாகா, ஏனெனில் திரை குழந்தையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்பதால்தான் குழந்தை குழம்புகிறது என்று கூறித் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரை, சென்னையிலும் டொரோண்டோவிலும் ஒன்றுபோலக் கேட்கப்படுகிறது. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வுகளால் தெளிவாகியிருக்கிறது. தாய்க்கு இயல்பாக வரும் மொழியை நிறுத்துவது, குழந்தைக்குக் கிடைக்கும் வளமான பேச்சையே நிறுத்துவதாகும்.

திக்குவாயின் வரலாறு நாக்கின் மீதான பழி எவ்வளவு கொடியது என்பதைக் காட்டும். 1841-இல் பெர்லின் அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்குவோரின் நாக்கின் அடிப்பகுதியை வெட்டியெடுக்கும் முறையை வெளியிட்டார். அக்காலத்தில் மயக்க மருந்தும் கிடையாது. திக்குதல் அச்சத்தாலோ, பிறரைப் பார்த்துப் பழகுவதாலோ வருவதன்று. அதில் மரபணுக்களுக்குப் பங்குண்டு, பேச்சை ஒருங்கிணைக்கும் மூளைப்பகுதிகளில் வேறுபாடுகளும் காணப்படுகின்றன. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் இது, ஏறத்தாழ நான்கில் மூன்று குழந்தைகளிடம் மறைந்துவிடுகிறது. மறையாத குழந்தையை ‘மெதுவா சொல்லு’ என்று அதட்டுவதாலும், அதன் வாக்கியத்தைப் பிறர் முடித்துவைப்பதாலும் பேசவே கூசும் நிலைதான் மிஞ்சும்.

பெரியவர்களிடம் காணும் பேச்சிழப்பு இதே பாடத்தைத் தருகிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா ஆராய்ந்த லெபோர்ன் என்பவர் பல்லாண்டுகளாகத் ‘தான்’ என்னும் ஓரசையைத் தவிர ஏறத்தாழ வேறு எதையும் சொல்ல இயலாதவர். அவரது நாக்கோ தடையின்றி அசைந்தது. இறந்தபின் அவருடைய மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சிதைவு காணப்பட்டது. அஃபேசியா எனப்படும் இந்நிலையில் மொழி பழுதடைகிறதே தவிர, நினைவும் அறிவும் தன்மானமும் அழிந்துவிடுவதில்லை. ஆகவே இந்நிலையில் உள்ளவரிடம் உரக்கக் கத்துவதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும் தவறு; ஆம், இல்லை என்று விடை சொல்லத்தக்க கேள்விகளும், தாளில் எழுதிக் காட்டும் சொற்களும், பொறுமையும் உதவும். பக்கவாதம் கண்டு ஆறு மாதத்திற்குப் பின் முன்னேற்றமில்லை என்பதும் பொய். முன்னேற்றம் மெதுவாகுமே தவிர, ஆண்டுகள் கழிந்தும் பயிற்சியால் பலன் பெறுவோர் உள்ளனர்.

பேச்சுப் பயிற்சி அளிப்போர் பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்பதிவைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு மையங்களில் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. குழந்தையின் பேச்சைப் பற்றி ஐயம் எழுந்த வாரத்திலேயே அதன் காதைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள்.