நிறத்தை விடு, இலைக்கணுவைப் பார்

அன்புள்ள தம்பி,

கோஸ்டாரிகாவின் லா செல்வா காட்டுக்கு மேக்ரோ லென்ஸோடு கிளம்புவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சிவப்பு உடம்பும் நீலக் காலுமாக ஸ்ட்ராபெரி நச்சுத்தவளை சீக்கிரமே உன் கண்ணில் படும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது, பட்டப்பகலில் திரியும். நஞ்சு இருக்கிற தைரியம்! அதனாலேயே அதன் அழகுப் படம் எல்லாரிடமும் இருக்கிறது. நீயும் நாலு எடுத்துக்கொள், அதோடு விடு.

நீ எடுக்க வேண்டியது தாயை. சருகில் கிடக்கும் முட்டைகளைக் காயவிடாமல் ஆண் தவளை நனைத்துப் பார்த்துக்கொள்ளும். பொரிந்ததும் பெண் வந்து தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிப் போய், இலைக்கணுவில் தேங்கிய கொஞ்சூண்டு நீரில் விடும். கணுவுக்கு ஒன்றுதான்; இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பிறகு சில நாளுக்கொரு முறை தாய் வரும். அதைக் கண்டதும் தலைப்பிரட்டை உடலை விறைத்துக்கொண்டு வெடவெடவென நடுங்கும். பசிக்கிறதாம்! தாய் பின்பக்கமாக நீரில் இறங்கி, கருவுறாத முட்டைகளை இட்டுவிட்டுப் போகும். பிள்ளைக்குச் சோறு அதுதான். தாயின் நஞ்சும் அந்த முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த நடுக்கத்தை எடு. கணுவில் தலைப்பிரட்டை தெரிந்தால் செடியை அசைக்காதே. முக்காலியை நிறுத்திவிட்டுத் தள்ளி உட்கார். பொழுது வீணாகத்தான் செய்யும்.

படக்குறிப்பிலும் கவனம் வேண்டும். இந்த நஞ்சைத் தவளை தானாகச் செய்வதில்லை. சிற்றுண்ணிகளையும் எறும்புகளையும் தின்று சேர்த்துக்கொள்கிறது. பழ ஈ போட்டுத் தொட்டியில் வளர்த்த தவளைக்கு நஞ்சு இராது. அந்தப் படத்துக்குக் கீழே ‘கொடிய நஞ்சு’ என்று போட்டால் பொய். எல்லா நச்சுத்தவளையையும் அம்போடு சேர்த்து எழுதுவதும் அப்படியே. கொலம்பியாவின் பசிபிக் கரையோரத்து எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவியது ஃபைலோபேட்டஸ் பேரினத்தின் சில தவளைகளின் நஞ்சைத்தான்.

கையில் தூக்கி வைத்துப் படமெடுக்காதே. உன் விரலில் இருக்கும் கொசு மருந்து அந்த மெல்லிய தோலுக்குள் இறங்கிவிடும். போகுமுன் காலணியைச் சேறு போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துப் போ; தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணம் போகும்.

அன்புடன்,
அண்ணன்