மணி அடிப்பதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

ஆட்டிசம் உள்ள அந்த மூன்றாம் வகுப்புப் பையனுக்காக நீ செய்த படக் கால அட்டவணையும், இரண்டு வாரக் குறிப்பேடும் வந்து சேர்ந்தன. இரண்டு முறை படித்துவிட்டேன்.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். 'அடம்பிடித்தான்' என்று 9 இடத்தில் எழுதியிருக்கிறாய். பென்சிலால் சுழித்து எண்ணினேன். எனக்கு ஆகவே ஆகாத சொல் அது. அதைப் படித்தால் உன் களைப்புத் தெரிகிறது, பையனைக் காணோம். காதைப் பொத்தினானா, தரையில் படுத்தானா, பையை விடாமல் கட்டிக்கொண்டானா? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? சிறப்பாசிரியர் எழுத வேண்டியது அதைத்தான்.

அந்த ஒன்பதில் ஏழு, மணி அடித்த கையோடு நடந்தவை. கவனித்தாயா? உன் அட்டவணையில் கணக்குக்குக் கட்டம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு இருக்கிறது. நோட்டை மூடி, செருப்பை மாட்டி, வரிசையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்கு அன்றைய நாளிலேயே கடினமான பாடம் அதுதான். 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிய கட்டுரையிலேயே, எதுவும் மாறக் கூடாது என்ற அவர்களின் தவிப்பு பதிவாகியிருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அது ஒலித்தால் ஒரு சிறுவன் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவன் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒருநாள் மணி அடிக்கும் ஆயா, ஜன்னலோரம் வந்து சுத்தியலைத் தூக்கி அவனிடம் காட்டிவிட்டுப் போனார். அவனே காதைப் பொத்திக்கொண்டான். சத்தம் அடங்கியதும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மறுநாளிலிருந்து தினமும் காட்டச் சொன்னேன்.

ஆனால் உன் அட்டவணையில் இருக்கும் அந்தக் குழாய் அட்டை! எங்கிருந்தோ எடுத்த படத்தை ஒட்டாமல், உங்கள் பள்ளியின் ஒழுகும் குழாயையே, அதில் கட்டிய நீலத் துணியோடு போட்டோ எடுத்திருக்கிறாய். என் 30 வருடத்தில் இதைவிட நல்ல அட்டையைப் பார்த்ததில்லை. அவன் அதைக் கையில் பிடித்தபடி நேரே குழாயடிக்குப் போனான் என்ற வரியை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அடுத்த மாதம் ஆண்டு விழா ஒத்திகை. அட்டவணை தினமும் கலையும். இந்த வாரமே 'மாற்றம்' என்று ஓர் அட்டை செய். முதல் சில தடவை அவனுக்குப் பிடித்ததற்கே அதைக் காட்டு: கணக்குக்குப் பதிலாக ஊஞ்சல். அது பழகிய பிறகு ஒத்திகைக்குக் காட்டலாம்.

அன்புடன்,
அக்கா