அடிபட்ட பின் விடாத தலையிடி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் கண்டி மாவட்டத்தில் பல மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. வீட்டையும் காணியையும் விட்டு வந்தவர்களில் சிலர் தலையிலோ கழுத்திலோ அடிபட்டவர்கள். காயம் ஆறிவிட்டது, தையலும் வெட்டியாயிற்று. தலையிடி மட்டும் போகவில்லை. "சுவாமி, படம் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் நான் பொய்யா சொல்கிறேன்?" என்று ஒரு தாய் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. எலும்பு முறிவும் இரத்தக் கசிவும் படத்தில் தெரியும். நசுங்கி எரிச்சலடைந்த சிறு நரம்பு பெரும்பாலும் தெரியாது.

கழுத்தெலும்பின் மேற்பகுதியிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பு புறப்பட்டு, பிடரித் தசையைத் துளைத்துக்கொண்டு உச்சந்தலை வரை ஏறுகிறது. விழுந்தபோது கழுத்து வெட்டி இழுபட்டாலும், பிடரியில் கல் பட்டாலும் இந்த நரம்பு புண்படலாம். அப்போது வலி மின்சாரம் அடித்தாற்போல் பிடரியிலிருந்து மேலே பாயும். சிலருக்குக் கண்ணுக்குப் பின்னாலும் குத்தும். தலை சீவவும் முடியாது, தலையணையில் சாயவும் முடியாது. பிடரியில் ஓரிடத்தை விரலால் அழுத்தினால் துடித்துப்போவார்கள்.

அடிபட்ட பின் வரும் எல்லாத் தலையிடியும் இதுவல்ல. அடிபட்டு ஏழு நாட்களுக்குள் தொடங்கும் தலையிடி பலருக்கு மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். ஆனால் தலையிடி நாளுக்கு நாள் கூடினால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், பேச்சுக் குழறினால், ஒரு கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால் நாள் பார்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தொல்லை தரும். "அது அன்றைக்கு விழுந்ததுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

நரம்பு வலிக்குச் சூட்டு ஒத்தடமும் ஓய்வும் முதல் உதவி. சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை மளுக்கென்று திருப்ப யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்துவிடலாம். புற்கட்டும் விறகும் தலையில் சுமப்பவர்கள், தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை தொங்கவிடுபவர்கள், வலி தணியும்வரை சுமையை வேறு விதமாக எடுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்துக்கும் இதே விதிதான். இது வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

பனடோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ந்தவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எடை குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் அதிலும் குறைக்க வேண்டும். அளவுக்குள் எடுத்தாலும், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கும். வலிக்கிறதென்று போடுகிறோம், போடுவதால் வலிக்கிறது. கடையில் சில்லறையாகக் கிடைப்பதால் எத்தனை போட்டோம் என்ற கணக்கே இருப்பதில்லை.

நரம்பு வலிக்கு வைத்தியர்கள் தரும் மருந்து வேறு. அமிட்ரிப்டிலின் என்ற குளிசையை இரவில் சிறிய அளவில் தொடங்குவார்கள். "இது மனநோய் மருந்தாமே" என்று அதை எறிந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். கூடிய அளவில் மனச்சோர்வுக்குக் கொடுப்பது உண்மைதான். சிறிய அளவில் அது நரம்பின் கொதிப்பை அடக்குகிறது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். வாய் உலரும், தூக்கம் வரும். சிறுநீர் போகச் சிரமமானாலோ நெஞ்சு படபடத்தாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் பிடரி நரம்பின் அருகே விறைப்பு ஊசி போடுவதுண்டு. வலி உடனே அடங்கினால் இந்த நரம்புதான் காரணம் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். சிலருக்கு அந்தச் சுகம் வாரக்கணக்கில் நிற்கும்.

அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். போகும்போது ஒரு கலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளியும் குளிசை போட்ட நாளுக்கு ஒரு கோடும் போட்டுக்கொண்டு போங்கள். பழைய துண்டுகள் மண்ணோடு போயிருந்தால், அடிபட்டு எந்தத் திகதியில், எந்த வைத்தியசாலையில், எந்த வார்டில் இருந்தீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் தேட அது போதும்.