உலோகங்காண் கருவி: புதியதோ, பழையதோ?

சிறுமுதல் கொண்டு ஒரு கருவியை வாங்கப் புகுவோர்க்கு இருவழிகள் எதிர்ப்படுகின்றன. கடையினின்று புதியதனை வாங்குதல் ஒன்று. பிறர் ஆண்டு கழித்த பழையதனைக் குறைந்த விலைக்குக் கொள்ளுதல் மற்றொன்று. மிதிவண்டி, நுண்பெருக்கி, புகைப்படக் கருவி ஆகிய யாவற்றிற்கும் இவ்வினா பொதுவேயாம். எனினும், மெட்டல் டிடெக்டர் என்று வழங்கும் உலோகங்காண் கருவியை யாம் ஈண்டு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அக்கருவியின் தலையாய உறுப்பு திறந்து பார்க்கவியலாதபடி மூடப்பெற்றது. ஆதலின் அதன் குற்றம் கண்ணுக்குப் புலனாகாது. அஃது இயங்கும் நெறியோ நம் மாணவர் வகுப்பிற் பயிலும் மின்காந்தவியலேயாம். அறிவைப் பணத்திற்குப் பதிலாகச் செலவிடக்கூடிய இடம் இதுவென்க.

இங்கிலாந்தில் இது பொதுமக்களின் பொழுதுபோக்காய் வளர்ந்துள்ளது. தொழிலாளரும் ஓய்வு பெற்ற முதியோரும் விடுமுறை நாட்களில் உழவரின் இசைவு பெற்று, அறுவடையான வயல்களிலே பழங்காசு தேடுவர். ஆதலின் எம் எடுத்துக்காட்டுகளை அந்நாட்டினின்றே கொள்வோம்.

1. கருவியின் இயல்பு

1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். அவர் உடலிற் புதைந்த குண்டைக் கண்டறிய, தொலைபேசியாற் புகழ்பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் மின்தூண்டலால் இயங்கும் ஒரு கருவியை அமைத்தார். முயற்சி பலிக்கவில்லை. படுக்கையின் கீழிருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். பின்னர், 1937-இல் ஜெர்ஹார்டு பிஷர் அமெரிக்காவில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெப் கொசாட்ஸ்கி ஆக்கிய கருவி, எல் அலமெயின் போர்க்களத்திற் கண்ணிவெடிகளைக் காண உதவியது.

அன்றுபோல் இன்றும் அடிப்படை நெறி ஒன்றே. கருவியின் அடித்தட்டினுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள. ஒன்றில் மாறுமின்னோட்டம் பாய, அதனைச் சூழ்ந்து மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகின்றது. மண்ணினுள் உலோகம் இருப்பின், அதன்கண் சுழல்மின்னோட்டம் தோன்றித் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். இரண்டாவது சுருள் அதனை ஏற்க, கருவி ஒலிக்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு பின்னிடுகின்றது என்பதைக் கொண்டு, இரும்பாணியோ வெள்ளிக்காசோ என்று ஒருவாறு ஊகிக்கலாம். தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளிப் பொருள்களுக்கும், உயர்ந்த அதிர்வெண் மெல்லிய சிறு பொருள்களுக்கும் ஏற்றவை. காரெட் நிறுவனத்தின் ஏஸ் 250 என்னும் எளிய கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஓர் அதிர்வெண்ணிலேயே இயங்குவது. 2018-இல் விற்பனைக்கு வந்த மைன்லாப் ஈக்வினாக்ஸ் பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்தவல்லது.

2. விலை மிகின் ஆழமும் மிகுமோ?

விலையை இருமடங்காக்கினால் கருவி இருமடங்கு ஆழம் காணும் என்று புதியோர் பலர் எண்ணுவர். இயற்கை விதி அதற்கு இடந்தருவதில்லை. சுருளினின்று விலகிச் செல்லச் செல்லக் காந்தப்புலம் தொலைவின் மூன்றாம் படிக்கேற்பக் குறைகின்றது. பொருளினின்று மீளும் புலமும் அவ்வாறே மற்றொரு மூன்று படி குறைகின்றது. ஆகவே, சுருளின் அளவை நோக்க ஆழம் மிகுந்தவிடத்து, நாம் பெறும் குறிப்பு ஏறத்தாழ ஆறாம் படிக்கேற்பத் தேயும். ஆழத்தை இரட்டிக்க வேண்டுமாயின் 64 மடங்கு நுண்ணுணர்வு வேண்டும். பத்தில் ஒரு பங்கு ஆழம் கூட்டுதற்கே 1.77 மடங்கு வேண்டும்.

விலையுயர்ந்த கருவிகள் பயனற்றன என்று யாம் கூறுகின்றிலம். இரும்புக் கழிவு நிறைந்த நிலத்தில் நல்ல காசை வேறு பிரித்துணர்த்தல், உப்பீரமுள்ள கடற்கரையில் அமைதியாய் இயங்குதல், விரைந்து மறுமொழி தருதல் ஆகியவற்றில் அவை சிறந்தனவே. ஆயினும் சாதாரண உழவு நிலத்திலே, ஒரு சாண் ஆழத்துட்பட்ட காசைத் தேடும் புதியவனுக்கு, சில ஆண்டு பழகிய நடுத்தரக் கருவியும் இன்றைய புதிய கருவியும் பெரிதும் வேறுபடா. பழையதனைக் குறித்து எண்ணுதற்கு இஃதே முதற் காரணமாம்.

3. புதியதன் நலங்கள்

புதியதனை வாங்குவோர் பெறுவன மூன்று. முதலாவது உத்தரவாதம், குறித்த ஆண்டுகளுட் பழுதுறின் நிறுவனமே சீர்செய்து தரும். இரண்டாவது, மின்கலம் முழுவலிமையுடன் இருத்தல். மூன்றாவது, நீர்புகா அடைப்புகள் கெடாதிருத்தல். ஆற்றிலும் கடலோரத்திலும் தேடுவோர்க்கு இம்மூன்றாவது பெரிதும் வேண்டப்படுவது; ஓரடைப்பு தளர்ந்தால் ஒரே முழுக்கில் கருவி முழுவதும் பாழாகும்.

குறைவும் ஒன்றுண்டு. பெட்டியைத் திறந்த அன்றே புதியதன் விலை இறங்கிவிடுகின்றது. ஓராண்டு பயின்றபின் இப்பொழுதுபோக்கில் விருப்பம் குன்றி விற்க நினைப்பவன் அவ்விறக்கம் முழுவதையும் தானே தாங்குகின்றான். பழையதனை வாங்கியவனுக்கோ, அவ்விறக்கத்தின் பெரும்பகுதியை முன்னவனே தாங்கிவிட்டான்.

4. பழையதன் இடர்கள்

பழைய கருவியின் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உடைமையாளரோடு முடிந்துவிடும். நிறுவனமே மறைந்துபோதலும் உண்டு. அமெரிக்காவின் டெசோரோ நிறுவனம் தன் கருவிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளித்துப் பெயர் பெற்றது; 2018-இல் அது மூடப்பட்டது. நெடுங்காலம் புகழுடன் விளங்கிய ஒயிட்ஸ் நிறுவனமும் 2020-இல் தொழிலை நிறுத்தியது. அவர்தம் கருவிகள் இன்றும் செவ்வனே இயங்குவன. ஆயினும் சுருள் ஒன்று பழுதுற்றால் மாற்று எங்குக் கிடைக்கும் என்று முன்னரே விசாரித்தல் வேண்டும்.

மின்கலத்தின் முதுமை மற்றோர் இடர். ஏஸ் 250 கடைதோறும் கிடைக்கும் நான்கு சாதாரண மின்கலங்களால் இயங்குவது. ஆதலின் அதற்கு இவ்விடர் இல்லை. 2009-இல் வந்த எக்ஸ்பி டியூஸ் என்பதோ கம்பித் தொடர்பற்றது. அதன் சுருள், கட்டுப்பாட்டுப் பெட்டி, காதொலிக் கருவி ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் தனித்தனி லித்தியம் மின்கலம் உண்டு. அதனைப் பழையதாய் வாங்குவோர் மூன்று முதுமைகளை ஒருங்கே வாங்குகின்றனர் என்பது கருதத்தக்கது.

போலிக் கருவிகள் மூன்றாவது இடர். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரும் நிறமும் தாங்கிய போலிகள் உலகச் சந்தையில் உலவுகின்றன. விலை வியப்பூட்டுமளவு குறைந்திருப்பின், அதுவே எச்சரிக்கையாம். வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தை வினவுதல் நன்று.

5. ஒரு கணக்கு

கருவியிலும் உடன்வேண்டுவனவற்றிலுமாக 350 பவுன் செலவிடத்தக்க ஒருவரைக் கொள்வோம். எண்கள் யாவும் விளக்கத்தின்பொருட்டு யாம் கற்பித்தனவே. ஒரு கருவி புதியதாயின் 300 பவுன். பழையதாயின் 200 பவுன். புதியதனை வாங்கின் எஞ்சுவது 50. அதனைக்கொண்டு மண்வெட்டியும் காதொலிக் கருவியும் வாங்கலாம். குழியினுட் காசின் இடத்தைக் குறித்துக் காட்டும் பின்பாயிண்டர் என்னும் கைக்கருவிக்குப் பணம் போதாது. பழையதனை வாங்கின் 150 எஞ்ச, யாவும் அமையும். கைக்கருவி இல்லாதவன் ஒரு காசைக் கையிற்கொள்ள மிகுந்த நேரம் மண்ணைத் துழாவுவான். குழியும் பெரிதாகும், உழவரும் வெறுப்பர்.

இனி, பழையவற்றுள் ஐந்தில் ஒன்று பழுதுற்று 100 பவுன் செலவு வைக்கும் என்று கொள்வோம். சராசரிச் செலவு 20. எனவே பழையதன் உண்மை விலை 220. அப்பொழுதும் 80 பவுன் மிச்சமே. ஆயின், விற்பவர் 270 கேட்பாராயின், உண்மை விலை 290 ஆகின்றது. பத்துப் பவுனுக்காக உத்தரவாதத்தை இழத்தல் அறிவுடைமை அன்று. விலைக்குறைவு நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவாயின் புதியதனையே நாடுக என்பது எம் கருத்து.

இங்கு ஒன்று மறக்கற்பாலதன்று. சராசரி என்பது பலருக்குப் பொருந்துமேயன்றித் தனியொருவனுக்கு ஆறுதல் தாராது. ஐவருள் நால்வர்க்கு ஒரு செலவும் இல்லை; ஐந்தாமவனுக்கோ 100 பவுன் முழுவதும் இழப்பு. செல்வன் அதனைப் பொறுப்பான். பல மாதம் சேர்த்த பணமன்றி வேறில்லாதவனுக்கு அவ்வாண்டின் பருவமே வீணாகும். ஆதலின், யாவர் மலிவை மிகவும் வேண்டி நிற்கின்றனரோ அவரே இடருக்கும் மிகவும் அஞ்சவேண்டியவர்.

இவ்விக்கட்டிற்கு நடுவழி ஒன்றுண்டு; அது பழையதனை வணிகரிடமே வாங்குதல். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகர் விற்கும் பழைய பொருள்களையும் தழுவும். குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பி முழுப்பணமும் பெறலாம். பொருளின் வயதிற்கும் விலைக்கும் ஏற்ற தரமே எதிர்பார்க்கத்தக்கது என்பது உண்மை. எனினும் காப்பு காப்பேயாம். தனியாரிடம் வாங்குவோர்க்கோ, விற்பவர் சொல்லிய வருணனையோடு பொருள் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் அளவே பெரிதும் துணையாகும். ஆகவே தனியாரிடம் வாங்குங்கால், வருணனையை எழுத்திற் பெறுக.

6. சோதிக்கும் முறை

பழைய கருவியை நேரிற் கண்டு சோதியாது வாங்கற்க. செல்லும்போது ஒரு வெள்ளிக்காசு, ஓர் இரும்பாணி, ஒரு சிறு செப்புக்காசு ஆகியவற்றை உடன்கொண்டு செல்க. கைவிரல் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுக. இல்லையேல் கருவி அவற்றையே கண்டு ஒலிக்கும்.

வீட்டினுட் சோதித்தல் ஆகாது. சுவரிலுள்ள மின்கம்பிகளும் அருகிலுள்ள கைப்பேசியும் பொய்யொலி எழுப்பும். நல்ல கருவியையும் தீயதென்று கொள்ள நேரும். வெளியே வந்து, கருவியைக் கால்மணி நேரமேனும் இயங்கவிட்டு, பின்னர்ச் சுருளின்முன் பொருள்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காண்க. காசிற்கும் ஆணிக்கும் ஒலி வேறுபடல் வேண்டும். ஒரே பொருள் பலமுறையும் ஒரே குறிப்பினைத் தரல் வேண்டும்.

அடுத்து, சுருளினுட் கம்பி புகும் இடத்தை மெல்ல அசைத்துப் பார்க்க. அப்போது ஒலி எழுமாயின் உள்ளே கம்பி நைந்துள்ளது. சுருளை உள்ளங்கையால் மெல்லத் தட்டுக. தட்டுந்தோறும் கூவுமாயின் உட்பூச்சு பிளந்திருத்தல் கூடும். அடிமூடியைக் கழற்றிப் பிளவு உண்டோ எனக் காண்க. மின்கலப் பெட்டியைத் திறந்து பச்சை அல்லது வெண்மைப் படிவு உண்டோ என நோக்குக. அது மின்கலம் கசிந்தமைக்கு அறிகுறி. காதொலித் துளையையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக இயக்கிக் காண்க. இறுதியில், முதன்முதல் வாங்கிய ரசீதைக் கேட்க. அது கருவியின் வயதைக் காட்டும். திருட்டுப் பொருளன்று என்பதற்கும் சான்றாகும்.

7. சட்டமும் கடமையும்

கருவி கைவந்த உடனே நிலத்தைத் தோண்டும் உரிமை வந்துவிடாது. இங்கிலாந்தில் நிலவுடைமையாளரின் இசைவு வேண்டும். காக்கப்பட்ட தொல்லிடங்களில் உத்தரவின்றி இக்கருவியைப் பயன்படுத்தலை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. புதையலெனத் தக்கதைக் கண்டவர் 14 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டுமென்று 1996-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதிக்கின்றது. நம் நாட்டிலோ 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பிற்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவித்தல் கடமையாம். சட்டங்கள் நாடுதோறும் வேறுபடுமாதலின், கருவியின் விலையை வினவுமுன் சட்டத்தை வினவுக.

1992-ஆம் ஆண்டு நவம்பரில் சபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் ஊரில் எரிக் லாஸ் என்பார், தம் நண்பராகிய உழவர் இழந்த சுத்தியலைத் தேடச் சென்று, உரோமானியர் காலத்துப் பெரும்புதையலைக் கண்டார். ஆசையால் முழுவதையும் தோண்டாது, உடனே அறிவித்தார். மறுநாள் தொல்பொருளறிஞர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். 14,000-க்கு மேற்பட்ட காசுகளும், அவை பேழையினுள் அடுக்கப்பட்டிருந்த முறையும் அறியப்பட்டன. அவர் தாமே தோண்டியிருப்பின் காசுகள் கிடைத்திருக்கும், வரலாறு அழிந்திருக்கும். தேடப்பட்ட சுத்தியலும் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது.

8. முடிபு

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். நீரினுட் தேடுவோரும், பழையதன் விலைக்குறைவு சிறிதாயிருக்கக் காண்போரும் புதியதனைக் கொள்க. உழவு நிலத்தில் தேடத் தொடங்குவோர், சாதாரண மின்கலத்தால் இயங்குவதும் உதிரியுறுப்புக் கிடைப்பதுமாகிய எளிய பழங்கருவியை, இயன்றவரை வணிகரிடம், சோதித்துக் கொள்க. எஞ்சிய பணத்தைக் கைக்கருவிக்கும் சங்க உறுப்பினர் கட்டணத்திற்கும் செலவிடுக. இங்கிலாந்தில் 1981 முதல் இயங்கும் தேசிய உலோகத் தேடுவோர் மன்றத்தின் உறுப்பினர்க்குக் காப்புறுதியும் உண்டு. முன்பின் அறியாதவரிடம், காணாது, உள்ள பணம் முழுவதையும் கொடுத்து வாங்குதல் எவர்க்கும் ஆகாது.

2009-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டாபர்ட்ஷையர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்குவியல் வெளிப்பட்டது. அதன் மதிப்பு 32,85,000 பவுன் என்று கணிக்கப்பட்டது. நிலவுடைமையாளரும் கண்டெடுத்தவரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். அதனைக் கண்ட டெர்ரி ஹெர்பர்ட்டின் கையிலிருந்ததோ 14 ஆண்டு பழைய கருவி. அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்க்கும் என்று எண்ணுதல் பேதைமை. உழவு நிலத்திலிருந்து பெரும்பாலோர் கொணர்வன பொத்தான்களும் தேய்ந்த காசுகளுமே. ஆயினும் பழங்கருவியைக் கையில் வைத்திருப்பவன் அதன் பழமைக்காக நாணவேண்டுவதில்லை என்பதற்கு அஃதொன்றே போதிய சான்றாம்.